பூஞ்சை வளர்கிறது, நொதி வரவில்லை: மரம் மட்கச் செய்யும் பூஞ்சை வளர்ப்பில் பிழை நீக்கும் வழிமுறை

மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சையோடு வேலை செய்பவர்கள் முதலில் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டியவை இரண்டு: வளர்ச்சி, சுரப்பு. பஞ்சுபோல வளர்ப்புத் தட்டை நிறைத்து நிற்கும் பூஞ்சை, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைக்கும் நொதியைத் துளியும் வெளியே விடாமல் இருக்கலாம். மெலிந்து சோகை பிடித்தாற்போல் தெரியும் வளர்ப்பில் அதே நொதி நிறைந்து கிடக்கலாம். எளிதில் உண்ணும் சர்க்கரையும் நைட்ரஜனும் கையருகே இருக்கும்வரை, தன் புரதத்தைச் செலவழித்து நொதி செய்து வெளியே அனுப்பும் தேவை பல பூஞ்சைகளுக்கு எழுவதே இல்லை. ஆகவே சிக்கல் வரும்போது 'பூஞ்சை கெட்டுவிட்டது' என்று தூக்கிப் போடும் முன், கோளாறு வளர்ச்சியிலா, சுரப்பிலா, அளக்கும் முறையிலா என்று பாருங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இனம் எது என்பதும் அதே அளவு முக்கியம். டிராமெட்டீஸ் வெர்சிகலர், சிப்பிக்காளான் வகையான புளூரோட்டஸ் ஆஸ்டிரியேட்டஸ், ஃபனெரோகீட்டே கிரைசோஸ்போரியம் ஆகியவை வெண் அழுகல் பூஞ்சைகள். லிக்னினையும், மரநாரின் முதன்மைப் பொருளான செல்லுலோஸையும் சேர்த்தே தின்பவை. குளோயோஃபில்லம் டிராபியம், செர்புலா லாக்ரிமன்ஸ் போன்ற பழுப்பு அழுகல் பூஞ்சைகள் செல்லுலோஸை எடுத்துக்கொண்டு, லிக்னினை உருமாற்றி விட்டுச் செல்பவை. பழுப்பு அழுகல் பூஞ்சையிடம் லிக்னினைச் சிதைக்கும் நொதியான லிக்னின் பெராக்சிடேஸைத் தேடி வாரக்கணக்கில் உழைப்பது வீண்.

தட்டில் நகரவே இல்லை

வெப்பநிலையைப் பாருங்கள். எல்லாப் பூஞ்சைக்கும் 28 டிகிரி செல்சியஸ் வைத்துவிடுவது பரவலான பழக்கம். செர்புலா லாக்ரிமன்ஸுக்கு 20 முதல் 22 டிகிரிதான் உகந்தது. 28ல் வைத்தால் அப்படியே நின்றுவிடும். ஃபனெரோகீட்டே கிரைசோஸ்போரியம் 37 முதல் 39 டிகிரியில் ஓடும். அதை 25ல் வைத்துவிட்டு 'மந்தமாக இருக்கிறது' என்று குறைபட்டுப் பயனில்லை. டிராமெட்டீஸுக்கு 25 முதல் 28. வளர்ப்புப் பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பாமல், தட்டு இருக்கும் அடுக்கிலேயே ஒரு வெப்பமானியை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, தட்டில் நடும் பூஞ்சைத் துண்டு. விளிம்பிலிருந்து, இளம் இழைகள் இருக்கும் பகுதியிலிருந்து, 5 முதல் 8 மி.மீ. விட்டத் துண்டாக வெட்டுங்கள். நடுப்பகுதி வயதானது. நொதி வெளியேறுவது பெரும்பாலும் வளரும் இழை நுனியில் என்பதால், இளம் விளிம்பிலிருந்து எடுப்பது சுரப்புக்கும் நல்லது. துண்டை இழைப்பக்கம் கீழே தொடும்படி கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் இழை அகரைத் (ஊடகத்தை இறுகவைக்கும் கூழ்ப்பொருள்) தொட்டுப் பரவ ஓரிரு நாள் கூடுதலாகும்.

ஊடகம் சாதாரணமானதே போதும்: ஒரு லிட்டருக்கு மால்ட் சாறு 20 கிராம், அகர் 15 முதல் 20 கிராம், பி.எச். 5.5 அளவில், 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) வைத்தது. அகர் இறுகாமல் கூழாக நின்றால் அகர் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பி.எச். 4.5க்குக் கீழே இறக்கிவிட்டு ஆட்டோகிளேவில் வைத்திருப்பீர்கள். அமிலமும் வெப்பமும் சேர்ந்தால் அகர் உடைந்துபோகும். அமில ஊடகம் வேண்டுமானால் அகரைத் தனியாகவும் அமிலத்தைத் தனியாகவும் கிருமி நீக்கி, 50 முதல் 60 டிகிரிக்கு ஆறியபின் கலக்குங்கள்.

வெள்ளையாக வந்தது, பிறகு பச்சையாயிற்று

இது டிரைக்கோடெர்மா அல்லது பெனிசிலியம் என்ற மாசுப் பூஞ்சை. மரத்துண்டிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுக்கும்போது இதுதான் பெரும் தொல்லை, ஏனென்றால் அவை மரம் மட்கச் செய்யும் பூஞ்சையைவிட வேகமாக ஓடும். ஊடகத்தில் பூஞ்சைக்கொல்லியான பெனோமிலை லிட்டருக்கு 2 முதல் 10 மி.கி. சேர்த்தால் அவற்றில் பெரும்பாலானவை அடங்கிவிடும்; நமக்கு வேண்டிய பசிடியோமைசீட் (காளான் வகுப்புப்) பூஞ்சைகள் பொதுவாகத் தாங்கும். பாக்டீரியா வழவழப்பாகப் பரவினால் குளோராம்ஃபெனிகால் லிட்டருக்கு 100 மி.கி. சேருங்கள், அது ஆட்டோகிளேவைத் தாங்கும். ஸ்ட்ரெப்டோமைசின் தாங்காது, ஊடகம் 50 டிகிரிக்கு ஆறியபின்தான் சேர்க்க வேண்டும்.

தட்டில் இருப்பது உண்மையிலேயே உங்கள் பூஞ்சைதானா என்பதை நுண்ணோக்கியில் உறுதிசெய்யலாம். விளிம்பிலிருந்து சில இழைகளை ஊசியால் எடுத்து, ஒரு துளி நீரில் பரப்பி, 400 மடங்கில் பாருங்கள். குறுக்குச் சுவர் உள்ள இடத்தில், இழையின் பக்கவாட்டில் பானைக் கைப்பிடிபோல ஒரு சிறு வளைவு ஒட்டியிருக்கும். அதுதான் கிளாம்ப் இணைப்பு. டிராமெட்டீஸில் அது ஏராளம். சுவருக்குச் சுவர் தெரியும். அது தெரிந்தால் பசிடியோமைசீட் என்பது உறுதி. தெரியவில்லை என்பதற்காக மட்டும் விலக்கிவிடாதீர்கள்: ஒற்றைக் கரு வளர்ப்பிலும், ஃபனெரோகீட்டே கிரைசோஸ்போரியத்திலும் கிளாம்ப் இருக்காது. பிந்தையது வெண்பொடிபோல ஏராளமாக வித்துகளையும் உண்டாக்கும். அதை மாசு என்று எண்ணித் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. பொடி பச்சையாக மாறுகிறதா என்று இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

செழிப்பாக வளர்கிறது, நிறவட்டம் இல்லை

ஃபீனால்களை ஆக்சிஜனேற்றும், லாக்கேஸ் போன்ற ஃபீனால் ஆக்சிடேஸ் நொதிகளுக்கான பழைய சோதனை பாவெண்டாம் 1928ல் கொண்டுவந்தது: 0.5 சதவீதம் காலிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் சேர்த்த மால்ட் அகரில் வைத்தால், வெண் அழுகல் பூஞ்சையைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழும். அகரின் அமிலத் தொல்லை இங்கேயும் வரும்; அமிலத்தைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். டானிக் அமிலத்தில் பல பூஞ்சைகள் வளரவே மறுக்கும். வளர்ச்சி இல்லை என்பதைச் சுரப்பு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். துண்டுக்கு அடியில் தட்டைத் திருப்பிப் பாருங்கள், பழுப்பு அங்கே இருக்கும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. வயதான வளர்ப்பிலிருந்து எடுத்த துண்டு தன்னோடு பழைய நொதியையும் சுமந்து வந்து, முதல் நாளே சின்ன வட்டம் காட்டும். வட்டம் அடுத்தடுத்த நாளில் விரிகிறதா என்பதுதான் கேள்வி. 1, 3, 7ஆம் நாள்களில் விட்டத்தை அளந்து குறித்து வையுங்கள்.

அன்றாட வேலைக்குக் குவாயகால் (நொதி பட்டால் நிறம் காட்டும் ஒரு ஃபீனால்) சேர்த்த தட்டு எளிது, லிட்டருக்கு 0.1 மி.லி., அதாவது 0.01 சதவீதம். செம்பழுப்பு நிறம் வரும். குவாயகால் 28 டிகிரி அளவில் உருகும் பொருள். குளிர்ந்த அறையில் புட்டிக்குள் உறைந்து கிடக்கும், சற்றுச் சூடாக்கி உருக்கியபின் அளவெடுங்கள். ஆட்டோகிளேவில் வைத்தால் ஆவியாகப் போய்விடும். ஊற்றும் முன் சேர்த்துக் கலக்கி, தட்டுகளை இருட்டில் வையுங்கள்; வெளிச்சத்தில் தானே நிறம் மாறும். பூஞ்சை வைக்காத ஒரு தட்டு எப்போதும் கூடவே இருக்கட்டும்.

பூஞ்சை எதுவென்று சரியாகத் தெரிந்தும் நிறம் வரவில்லையா? பழுப்பு அழுகல் என்றால் வராததே இயல்பு. ஃபனெரோகீட்டே கிரைசோஸ்போரியம் என்றால் அதன் மரபணுத்தொகுதி 2004ல் வெளியானபோதே தெளிவாகிவிட்டது: வழக்கமான லாக்கேஸ் மரபணு அதில் இல்லை. அதன் பலம் பெராக்சிடேஸில். அதற்கு ரெமசோல் பிரில்லியன்ட் புளூ சாயத்தை 0.02 முதல் 0.05 சதவீதம் சேர்த்து, நீலம் வெளுக்கிறதா என்று பாருங்கள். ஊடகத்தில் நைட்ரஜன் மிகுந்தால் இதுவும் தள்ளிப்போகும்.

செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸ் நொதிக்கான காங்கோ சிவப்புச் சாயத் தட்டில் வட்டம் தெரியாதபோது காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஊடகத்தில் குளுக்கோஸ் இருந்திருக்கும். அது செல்லுலேஸ் மரபணுக்களை அடக்கிவிடும். அல்லது பூஞ்சை தட்டு முழுவதும் பரவிவிட்டிருக்கும். முழுத் தட்டும் கரைந்துவிட்டால் வட்டத்தின் எல்லை எங்கே தெரியும்? 1 சதவீதம் கார்பாக்சிமீத்தைல் செல்லுலோஸை மட்டும் கார்பன் மூலமாக வைத்து, வளர்ச்சி 3 செ.மீ. விட்டத்தைத் தொட்டதும் நிறுத்தி, 0.1 சதவீதம் காங்கோ சிவப்பை 15 நிமிடம் ஊற்றி வைத்து, 1 மோலார் உப்புக் கரைசலால் 15 நிமிடம் கழுவுங்கள். இது செல்லுலோஸ் சங்கிலியை நடுவில் வெட்டும் எண்டோகுளுக்கனேஸை மட்டுமே காட்டும், படிகச் செல்லுலோஸைக் கரைக்கும் திறனைப் பற்றி எதுவும் சொல்லாது.

குடுவையில் பஞ்சு நிறைகிறது, திரவத்தில் நொதி இல்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நைட்ரஜனில் தொடங்குங்கள்.

ஃபனெரோகீட்டே கிரைசோஸ்போரியத்தின் லிக்னின் பெராக்சிடேஸ் 1983ல் கண்டறியப்பட்டது. முதல் வளர்ச்சி முடிந்து நைட்ரஜன் தீர்ந்தபின்தான் அது வெளிவரும். அதற்கான ஊடகத்தில் நைட்ரஜன் 2.4 மில்லிமோலார் அளவே இருக்கும். குளுக்கோஸ் லிட்டருக்கு 10 கிராம், தாங்கல் கரைசலின் பி.எச். 4.5. இதில் 'நன்றாக வளரட்டும்' என்று லிட்டருக்கு 2 கிராம் ஈஸ்ட் சாறு போட்டால் என்ன ஆகும்? ஈஸ்ட் சாற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன். 2 கிராமில் 0.2 கிராம், அதாவது 14 மில்லிமோலார். வேண்டியதைப்போல ஆறு மடங்கு. பஞ்சு பிரமாதமாக வரும், நொதி வராது.

இதையே எல்லாப் பூஞ்சைக்கும் விதியாக்க வேண்டாம். புளூரோட்டஸ் ஆஸ்டிரியேட்டஸும் பியர்கண்டேரா இனங்களும் நைட்ரஜன் நிறைந்த ஊடகத்தில் அதிக நொதி தருபவை. உங்கள் இனம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் 2.4, 12, 24 மில்லிமோலார் என மூன்று குடுவைத் தொகுதிகள் வைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் விடை கிடைத்துவிடும்.

அடுத்து உலோகம். லாக்கேஸ் மூலக்கூறுக்கு நான்கு தாமிர அணுக்கள் தேவை. தாமிரமே அதன் மரபணுவையும் தூண்டும். காப்பர் சல்பேட்டை 0.5 முதல் 1 மில்லிமோலார் வரும்படி, 3 அல்லது 4ஆம் நாள் சேருங்கள். முதல் நாளே சேர்ப்பதுதான் வழக்கமான பிழை; தாமிரம் இளம் இழையை நசுக்கும், வளர்ச்சி குன்றும். மாங்கனீஸ் இருமுனைக் கத்தி போன்றது: அது இருந்தால் மாங்கனீஸ் பெராக்சிடேஸ் ஏறும், இல்லாவிட்டால் ஃபனெரோகீட்டேயில் லிக்னின் பெராக்சிடேஸ் ஏறும். இரண்டையும் ஒரே குடுவையில் உச்சத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவது ஆக்சிஜன். லிக்னின் பெராக்சிடேஸுக்குப் பழைய முறை, 125 மி.லி. குடுவையில் 10 மி.லி. மட்டும் ஊற்றி, அசைக்காமல் வைத்து, தூய ஆக்சிஜனைச் செலுத்துவது. திரவம் ஆழமாக இருந்தால் அடியில் இருக்கும் இழை மூச்சுத் திணறும். ஃபனெரோகீட்டேயைக் குலுக்கி வளர்த்தால் நொதி அடங்கிவிடும். ட்வீன் 80 என்ற பொருளை 0.05 முதல் 0.1 சதவீதம் சேர்த்தால் குலுக்கலிலும் வரும். வெராட்ரில் ஆல்கஹாலை 0.4 முதல் 1.5 மில்லிமோலார் சேர்ப்பது நொதியைக் காக்கவும் உதவும்.

டிராமெட்டீஸைக் குலுக்கி வளர்க்கலாம். ஆனால் இரண்டு மூன்று அகர் துண்டுகளைப் போட்டால் எலுமிச்சை அளவு உருண்டைகள் சிலவே உருவாகும். ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: வெளியே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெள்ளையான உயிருள்ள ஓடு, உள்ளே மஞ்சள் பாரித்த செத்த மையம். சுரப்பு ஓட்டில் மட்டும்தான். ஒரு வார வயதுள்ள வளர்ப்பைக் கிருமி நீக்கிய பிளெண்டரில் 10 முதல் 15 வினாடி மட்டும் அடித்து, ஊடகத்தின் அளவில் 5 முதல் 10 சதவீதம் சேர்த்தால், 2 அல்லது 3 மி.மீ. உருண்டைகள் நூற்றுக்கணக்கில் வரும். ஒரு நிமிடம் அடித்தால் இழைகள் சிதைந்து, மறுபடி எழும்பவே நாளாகும்.

முன்பு வந்தது, இப்போது வரவில்லை

லிக்னின் பெராக்சிடேஸின் உச்சம் 39 டிகிரியில் 5 அல்லது 6ஆம் நாள். அதன்பின் பூஞ்சையின் சொந்தப் புரோட்டியேஸ்களே (புரதம் சிதைக்கும் நொதிகள்) அதைத் தின்னத் தொடங்கும். வாரக் கடைசி கழித்து 8ஆம் நாள் அளந்தால் எதுவும் தெரியாமல் போகலாம். 3ஆம் நாளிலிருந்து தினமும் 1 மி.லி. எடுத்து அளந்து ஒரு வளைகோடு வரைந்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

நாளும் சரி, ஊடகமும் சரி என்றால் வளர்ப்பு தளர்ந்திருக்கலாம். அகரிலிருந்து அகருக்கு மாற்றிக்கொண்டே போனால், சுரக்காமல் வேகமாக வளரும் பகுதிகளை நாமே ஒவ்வொரு முறையும் பொறுக்கி எடுத்து வருகிறோம். 10 முதல் 15 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வைத்த மூலப் பிரதிக்குத் திரும்புங்கள். அது இல்லையென்றால், ஈரமான கிருமி நீக்கிய மரத்தூளில் ஒரு மாதம் வளர்த்து, அதிலிருந்து மறுபடி பிரித்தெடுத்துப் பாருங்கள். சில வளர்ப்புகள் மீளும்.

திரவம் முட்டை வெள்ளைக்கருபோல இழுபடுகிறதா? பூஞ்சை வெளியிடும் பீட்டா குளுக்கான் அது. வடிதாளை அடைக்கும், பிப்பெட்டில் அளவைக் கெடுக்கும். மைனஸ் 20ல் உறையவைத்து, உருக்கி, 10,000 மடங்கு புவியீர்ப்பில் 15 நிமிடம் சுழற்றினால் பெரும்பகுதி வெண்படலமாக அடியில் இறங்கும். உறைய வைக்கும் முன்னும் பின்னும் நொதியை அளந்து, இழப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எண்கள் வருகின்றன, நம்ப முடியவில்லை

லாக்கேஸுக்கு ஏ.பி.டி.எஸ். (லாக்கேஸ் பட்டால் நீலப்பச்சையாகும் சேர்மம்) முறை: பி.எச். 4.5 அளவிலான அசிடேட் தாங்கல், 420 நானோமீட்டர், மோலார் உறிஞ்சல் கெழு 36,000. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்தக் கரைசல் 1 மி.லி., அதில் மாதிரி 0.1 மி.லி., நிமிடத்துக்கு உறிஞ்சல் 0.36 ஏறுகிறது. 0.36ஐ 36,000ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 10 மைக்ரோமோலார்; 1 மி.லி.யில் 0.01 மைக்ரோமோல், அதை 0.1ஆல் வகுத்தால் மி.லி.க்கு 0.1 அலகு, லிட்டருக்கு 100 அலகு. உங்கள் கணக்கு பத்து மடங்கு விலகினால், மாதிரியின் அளவால் வகுக்க மறந்திருப்பீர்கள். இரண்டு மடங்கு விலகினால் நுண்தட்டில் அளந்துவிட்டு ஒளிப்பாதையை 1 செ.மீ. என்று எடுத்திருப்பீர்கள், 200 மைக்ரோலிட்டர் ஊற்றிய குழியில் அது 0.5 முதல் 0.6 செ.மீ. அளவே.

நேர்கோடாக ஏறாமல் சட்டென்று ஏறி நின்றால் மாதிரி அடர்த்தியாக இருக்கிறது. 10, 50, 100 மடங்கு நீர்த்துப் பாருங்கள். பத்து நிமிடம் கொதிக்கவைத்த மாதிரியும் நிறம் காட்டினால் அது நொதியின் வேலை அல்ல. அசைடு சேர்த்து நொதியை நிறுத்தும் முறையை அமிலக் கரைசலில் கையாளாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். கொதிக்கவைத்த கட்டுப்பாடே போதும்.

பெராக்சிடேஸ் அளவீட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்த அளவிலிருந்து சேர்க்காத அளவைக் கழியுங்கள். கழிக்காவிட்டால் லாக்கேஸின் பங்கும் பெராக்சிடேஸ் கணக்கில் ஏறிவிடும். லிக்னின் பெராக்சிடேஸுக்கு வெராட்ரில் ஆல்கஹால் 2 மில்லிமோலார், பெராக்சைடு 0.4 மில்லிமோலார், பி.எச். 3, 310 நானோமீட்டர், கெழு 9,300. பெராக்சைடை அதிகம் ஊற்றினால் வேகம் கூடும் என்று எண்ண வேண்டாம். மிகுதி பெராக்சைடு இந்த நொதியையே செயலிழக்கச் செய்யும். முதல் சில வினாடி ஏறிவிட்டுப் படுத்துவிடும் வளைகோடு அதன் அடையாளம். 30 சதவீதப் புட்டி ஏறத்தாழ 9.8 மோலார், அன்றன்று புதிதாக நீர்த்து, பழைய புட்டியானால் 240 நானோமீட்டரில் செறிவைச் சரிபாருங்கள், அங்கே கெழு 43.6. வைக்கோல், மரத்தூள் ஆகியவற்றில் வளர்த்த சாறு தேநீர் நிறத்தில் இருக்கும். அந்த ஃபீனால்கள் 310ல் தாமே ஒளியை விழுங்கும். அத்தகைய சாற்றுக்கு 651 நானோமீட்டரில் அஸூர் பி சாயம் வெளுப்பதை அளப்பதே நம்பகமானது.

மரக்கட்டையில் பூஞ்சை மூடியிருக்கிறது, எடை குறையவில்லை

ஈரம்தான் முதல் சந்தேகம். மரத்தின் செல் சுவர் நீரால் நிறைவது சுமார் 28 முதல் 30 சதவீத ஈரத்தில். அதற்குக் கீழே இழை வெளியே படரும், உள்ளே வேலை செய்யாது. மறுபக்கம், கட்டை நேரடியாக அகர்மேல் கிடந்தால் நீரை உறிஞ்சி ஊறிப்போகும். கன செ.மீ.க்கு 0.5 கிராம் அடர்த்தியுள்ள கட்டை அதிகபட்சம் 135 சதவீதம் வரைதான் நீர் கொள்ளும். 120ஐத் தாண்டினாலே காற்றுக்கு இடம் இல்லை. பூஞ்சை தட்டை மூடியபின், கிருமி நீக்கிய கண்ணாடிக் குச்சி அல்லது வலையின்மேல் கட்டையை வையுங்கள். முடிவில் ஈரமான எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்து, உலர்ந்த எடையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 13.5 கிராம் ஈரக்கட்டை உலர்ந்து 7.5 ஆனால் ஈரம் 80 சதவீதம், நல்ல நிலை.

காலமும் வேண்டும். ஐரோப்பிய தர முறையான இ.என். 113ல் 50க்கு 25க்கு 15 மி.மீ. கட்டைகள், 22 டிகிரி, 70 சதவீதக் காற்று ஈரப்பதம், 16 வாரம். மூன்றாம் வாரத்தில் எடை சற்றுக் கூடியிருப்பதும் உண்டு: பூஞ்சை அகரிலிருந்து சத்தைக் கட்டைக்குள் கடத்தியிருக்கும். மேற்பரப்பு இழையைத் துடைத்தெடுத்து, 103 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தியபின் நிறுங்கள். பூஞ்சை வைக்காத கட்டைகளும் அதே நாளெல்லாம் அதே ஈரத்தில் இருந்திருக்க வேண்டும். அவற்றின் எடை மாற்றத்தைக் கழித்தால்தான் கணக்கு சரி.

வைரம் பாய்ந்த நடுமரத்தை எடுத்திருந்தால் அதிலுள்ள பூஞ்சை எதிர்ப்புப் பொருள்கள் தடுக்கும். சோதனைக்கு வெளிமரமே சரி. பழுப்பு அழுகல் பூஞ்சையில் எடை குறைவு சிறிதாகத் தெரிந்தாலும் அவசரப்பட்டு 'வேலை செய்யவில்லை' என்று எழுதாதீர்கள். நொதி மூலக்கூறு நல்ல மரத்தின் செல் சுவரில் நுழைய முடியாத அளவு பெரிது. ஆகவே இந்தப் பூஞ்சை ஆக்சாலிக் அமிலம், இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றால் செல்லுலோஸை முதலில் உள்ளிருந்தே நறுக்குகிறது. எடை குறையும் முன்பே வலிமை போய்விடும். உலர்ந்த கட்டையின் விளிம்பில் ஓர் ஊசி முனையைச் செருகி நெம்புங்கள். நல்ல மரம் நீண்ட சிம்பாக உரியும். பழுப்பு அழுகல் பிடித்தது 'டக்' என்று குறுக்கே குட்டையாக முறியும். வெண் அழுகல் பிடித்தது நாராகப் பிரியும், வெளுத்திருக்கும். தராசு எதுவும் காட்டாத கட்டைகளிலும் இந்த முறிவு தெரிந்தால், சோதனையைக் கலைக்காமல் 16 வாரம் முடியும்வரை தொடருங்கள்.